கிலோவுக்கு இருபது சிவப்பு

இருபத்தொன்பது வருஷம் அரசாங்கம் மருதையனுக்குச் சம்பளம் கொடுத்தது, கலப்பதற்காக. குத்தாலத்துக்குக் கிழக்கே ஓர் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர் வேலை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கலவையைப் பிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், யாராவது ஒருவர் முதலில் அதைக் கலந்து வைத்தாக வேண்டுமே. அந்த ஒருவர் மருதையன்.

காலையில் ஆற்று மணலையும் உப்பையும் கலந்து முப்பது பொட்டலம் கட்டுவார். பிள்ளைகள் அதில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, வடிதாளில் வடித்து, வடிந்த நீரைச் சுண்டக் காய்ச்சி, மணல் தனி, உப்பு தனி என்று காட்டி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் மருதையன் அந்த மணலைக் காயவைத்து, கிண்ணத்தில் ஒட்டிய உப்பைச் சுரண்டி, இரண்டையும் மறுபடி கலந்து டப்பாவில் போட்டு மூடுவார். புது உப்பு வாங்கக் கடிதம் எழுதினால் பதில் வருவதற்குள் அந்த வகுப்பே படிப்பை முடித்துவிடும். அதனால் இன்று சிங்கப்பூரிலும் சென்னையிலும் பெரிய வேலையில் இருக்கும் எத்தனையோ பேர் தனித்தனி ஆண்டுகளில் பிரித்தெடுத்தது ஏறக்குறைய ஒரே உப்பைத்தான்.

இரும்புத்தூள், கந்தகப் பொட்டலமும் அப்படியே. காந்தத்தைக் காட்டினால் இரும்பு மட்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு வருஷம் ஒரு மாணவி ஆர்வக்கோளாறில் அந்தக் கலவையைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடேற்றிவிட்டாள். கருப்பாக ஒரு கட்டி மிஞ்சியது. அதை மருதையன் தூக்கிப் போடவில்லை. அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, வருகிற ஒவ்வொரு வகுப்புக்கும் காட்டினார். "பாத்துக்கங்க. இதுல இப்ப இரும்பும் இல்ல, கந்தகமும் இல்ல. வேற ஒண்ணு ஆயிருச்சு. காந்தம் இதைத் திரும்பிக்கூடப் பாக்காது."

பாடம் நடத்துவது அவர் வேலையில்லை. ஆனால் தடுப்புக்குப் பின்னால் நின்று ஒரே பாடத்தை இருபத்தொன்பது முறை கேட்டவருக்கு ஒரு தத்துவம் பிறக்காமல் போகுமா? பிறந்தது. "ரெண்டு பொருள் கலந்துருச்சா, பதறாத. ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது ஒரு குணம் வேறயா இருக்கும். ஒண்ணு கரையும், ஒண்ணு கரையாது. ஒண்ணு மிதக்கும், ஒண்ணு முங்கும். அந்த ஒரு குணத்தைப் புடிச்சிட்டா முடிஞ்சுது, பிரிச்சிறலாம்." டீக்கடையில் இதற்கு நல்ல வரவேற்பு. தேர்தல் கூட்டணி முதல் பங்காளிச் சண்டை வரை எல்லாவற்றுக்கும் இது பொருந்தியது. ஊர் அவரை 'லேப்பு சார்' என்று கூப்பிட ஆரம்பித்தது. வாத்தியார் இல்லை, ஆனால் சார். அந்த 'சார்' அவருக்குப் பிடித்திருந்தது. அவருடைய அப்பாவை அந்த ஊரில் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள்கூடக் குறைவு.

அப்பா பண்ணையாள். ஊர்ப் பண்ணையார் துரைராசு குடும்பத்து வயல்களில் நாற்று பறித்து, களை எடுத்து, அறுத்து, அடித்து, தூற்றிக் கொடுத்தவர். மகன் உத்தியோகத்துக்குப் போனான். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் அதே வாய்க்கால் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வாங்கினான். வாங்கியது பெரிய செய்தி இல்லை; இப்போது எத்தனையோ பேர் வாங்குகிறார்கள். மருதையனுக்கு வேறொரு ஆசை இருந்தது. அதை அவர் மனைவி காளியம்மாளிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

நீல அட்டை.

சான்று பெற்ற விதைநெல் மூட்டையின் வாயில் நீல நிறத்தில் ஓர் அட்டையைச் சேர்த்துத் தைப்பார்கள். ரகத்தின் பெயர், குவியல் எண், தேதி, கூடவே உற்பத்தி செய்தவரின் பெயர், ஊர். விதை வாங்குகிற எந்தப் பண்ணையாரும் மூட்டையைப் பிரிக்கும் முன் அந்த அட்டையைக் கையில் பிடித்தாக வேண்டும். அதில் 'மா. மருதையன்' என்று இருக்க வேண்டும். தன் பேரைப் பிடித்துப் பிரித்துத்தான் அவர்கள் விதைக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள், அல்லது சிரிக்கமாட்டார்கள்; இரண்டுமே ஆபத்து.

"அட்டையில போட்டோவும் போடுவாங்களா?" என்று காளியம்மாள் கேட்டாள்.

"போட்டோ எதுக்குடி? பேரு போதும்."

"இல்ல, போடுவாங்கன்னா முடிக்குச் சாயம் அடிச்சுக்கங்கன்னு சொல்ல வந்தேன்."

விதைப்பண்ணையாகப் பதிவு செய்து, சம்பாப் பட்டத்தில் ஆடுதுறை ரகம் ஒன்றை நட்டார். விதைப்பயிரில் வேறு ரகம் ஒன்றுகூட நிற்கக் கூடாது. அப்படி நிற்பதற்குக் கலவன் என்று பெயர். கதிர் வரும் சமயத்தில் உயரம் காட்டிக் கொடுத்துவிடும். அப்போது ஆள் இறங்கி வேரோடு பிடுங்க வேண்டும். மருதையன் கூலிக்கு ஆள் விடவில்லை. தானே இறங்கினார். ஓர் அங்குலம் கூடுதலாக வளர்ந்த பயிர்கூட அவரைப் பார்த்தால் குனிந்துகொள்ளும் என்று ஊரில் பேச்சு. ஆய்வுக்கு வந்த விதைச் சான்று அலுவலர் வானதி, வரப்பில் நின்று வயலைப் பார்த்துவிட்டு, "என்னாங்கய்யா, ஸ்கேல் வச்சு வெட்டி விட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். அன்று ராத்திரி மருதையன் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

தை மாதக் கடைசியில் அறுவடை. அறுப்பு மிஷின் நேராகப் பரணிதரன் வயலிலிருந்து வந்தது.

பரணிதரன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துத் திரும்பி வந்து, சர்க்கரை நோயாளிகளைக் காப்பாற்றுவதற்காகச் சிவப்பரிசி ரகம் ஒன்றைப் பயிரிட்டு, போனிலேயே விற்பவன். பழைய ரகம், பயிர் ஆளுயரம் வளரும். அந்த அரிசியின் குணநலன்களைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் கேட்கிறவருக்கு நோய் இருப்பது போலவே தோன்றும். அவனுடைய நெல்லில் ஒரு விசேஷம்: உமிக்கு மேலே பார்த்தால் மருதையனின் நெல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. அதே வைக்கோல் நிறம், அதே நீளம், அதே பருமன். உரித்தால்தான் உள்ளே செக்கச் சிவப்பு.

மருதையனுக்கு இது தெரியாதா? மிஷின் வயிற்றில் பழைய வயலின் நெல் மூன்று நான்கு கிலோவாவது ஒட்டிக்கொண்டிருக்கும். டிரைவரை இறங்கச் சொல்லி, துடைப்பத்தால் தட்டி, காற்றடித்து, வாயைக் குனிந்து பார்த்து, அரை மணி நேரம் அவன் பொறுமையைச் சோதித்தார். அதிலும் திருப்தியில்லை. முதலில் கொட்டிய இரண்டு மூட்டையை விதைக்குச் சேர்க்காமல் தனியாகக் கட்டிக் களத்தின் ஓரத்தில் வைத்தார். மிஷினைக் கழுவியது அந்த இரண்டு மூட்டை. முறைப்படி அப்படித்தான் செய்ய வேண்டும், செய்தார். மீதி ஐம்பத்தெட்டு மூட்டை நெல்லையும் சிமெண்டுக் களத்தில் காயப் போட்டார். போட்டுவிட்டு, ஈரம் பார்க்கிற கருவியை இரவல் வாங்கக் குத்தாலத்துக்குப் போனார்.

அவர் போன ஒரு மணி நேரத்தில் மழை வந்தது.

டெல்டாவில் எத்தனையோ விஷயத்துக்கு ஊர் ஒன்றுசேராது. கோயில் திருவிழாவுக்குச் சேராது, வாய்க்கால் தூர்வாரச் சேராது. ஆனால் காயப் போட்ட நெல்லின் மேல் மழை விழுந்தால் சேர்ந்துவிடும். யார் நெல் என்று யாரும் கேட்கமாட்டார்கள். காளியம்மாள் போட்ட ஒரு கத்தலுக்கு இரண்டு தெருவும் ஓடிவந்தது. பலகையால் தள்ளிக் குவித்தார்கள், தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். பைக்கில் அந்தப் பக்கமாகப் போன துரைராசுகூட வண்டியை அப்படியே சாய்த்துவிட்டு, வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

மருதையன் குத்தாலத்திலிருந்து நனைந்துகொண்டு திரும்பும்போது எல்லாம் முடிந்திருந்தது. நெல் பத்திரம். தெரு முழுவதும் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றது. துரைராசுவைப் பார்த்துக் கும்பிடலாமா கை கொடுக்கலாமா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றைச் செய்தார்.

"இருக்கட்டும் லேப்பு சார். நெல்லுல என்ன உங்க நெல்லு, எங்க நெல்லு" என்றார் துரைராசு.

அந்த வாக்கியம் எவ்வளவு சரியானது என்பது மருதையனுக்கு அப்போது தெரியாது.

மறுநாள் வெயில் வந்தது. மருதையன் நெல்லை மறுபடி பரப்பினார். மூன்று நாள். அரை மணிக்கு ஒரு முறை காலால் துழாவி, பலகையால் இழுத்து, மேல் நெல்லைக் கீழே, கீழ் நெல்லை மேலே, கிழக்கு நெல்லை மேற்கே. ஒரு மூலையில் ஒரு பிடி நெல்கூட மற்ற நெல்லைப் போல் காயாமல் இருந்துவிடக் கூடாது என்பதில் கண்ணாக இருந்தார். இருபத்தொன்பது வருஷப் பழக்கம். கலக்குவதென்றால் அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

நான்காம் நாள் காலையில்தான் களத்தின் ஓரம் காலியாக இருப்பது கண்ணில் பட்டது.

"காளி, இங்க ரெண்டு மூட்டை வச்சிருந்தேனே?"

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

"எங்கன்னா? இதுலதான்." காளியம்மாள் நெல்லைக் காட்டினாள்.

மருதையன் நெல்லைப் பார்த்தார். நெல் அவரைப் பார்க்கவில்லை.

"சாக்கு அடியில தண்ணி நின்னுச்சுங்க. அப்படியே விட்டா முளை கட்டிப் போயிருக்கும். கட்டை அவுத்துக் குவியல்லயே கொட்டிட்டோம்."

"கொட்டிட்டோமா? யாரு?"

"ஒரு மூட்டையை நம்ம தெரு ஆளுங்க தூக்குனாங்க." அடுத்ததைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பெருமை வந்தது. "இன்னொண்ணை யாரு தூக்குனா தெரியுமா? துரைராசு. தோள்ல வச்சு. நம்ம மூட்டையை. ஊரே பாத்துச்சு. உங்க அப்பா இருந்து பாத்திருக்கணும்."

மருதையன் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். மனைவியைத் திட்ட முடியாது, அவள் நெல்லைக் காப்பாற்றினாள். தெருவைத் திட்ட முடியாது, கூலி கேட்காமல் வந்து நனைந்தது. துரைராசுவைத் திட்டவே முடியாது. அவர் தோளில் மருதையனின் மூட்டை ஏறியதைப் பற்றித் தெரு நாலு நாளாகப் பேசி இன்னும் முடிக்கவில்லை. முதல் நாளே தெரிந்திருந்தால், மூட்டை கொட்டிய மூலையோடு அள்ளியிருக்கலாம். அந்த இடத்தை மட்டும் வழித்து எடுத்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல், மூன்று நாள் வெயிலில் நின்று, ஒவ்வொரு பிடியும் மற்ற பிடியைப் போலவே இருக்கும்படி துழாவிவிட்டது யார்?

"சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல" என்றாள் காளியம்மாள், விஷயம் புரிந்ததும். அதுவும் சரிதான்.

மருதையன் தன் தத்துவத்தை நினைத்துக்கொண்டு எழுந்தார். ஏதாவது ஒரு குணம் வேறாக இருக்கும்.

சல்லடையில் சலித்தார். இரண்டும் ஒரே கண்ணில் விழுந்தன. முறத்தில் தூற்றினார். இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தன. விதைநெல்லில் பதரை ஒதுக்கப் பெண்கள் செய்யும் வழி ஒன்று உண்டு: தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போக வேண்டும், உள்ளே போட்ட முட்டை மேலே வந்து மிதக்கிற அளவு உப்பு ஏறியதும் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், நல்ல நெல் முங்கும். அதையும் செய்தார். முட்டை ஒழுங்காக மிதந்தது. வெள்ளையும் சிவப்பும் கைகோத்துக்கொண்டு முங்கின. உப்பைக் கூட்டினார். இரண்டும் சேர்ந்து மிதந்தன.

"காந்தம் வச்சுப் பாத்தீங்களா?" என்றார் வேடிக்கை பார்க்க வந்த துரைராசு. கிண்டலா யோசனையா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. தான் தூக்கிய மூட்டைதான் காரணம் என்று அவருக்குத் தெரியாது. மருதையன் சொல்லவும் இல்லை.

கடைசியில் பழைய வேதியியல் ஆசிரியை பிரகதீஸ்வரிக்குப் போன் போட்டார். தஞ்சாவூரில் மகள் வீட்டில் ஓய்வாக இருக்கிறார்.

"சொல்லுங்க மருதையன். ஒரு பண்பு வேறயா இருந்தாப் போதுமே. அளவு?"

"ஒண்ணுதாங்க டீச்சர்."

"அடர்த்தி?"

"முட்டை போட்டே பாத்துட்டேன்."

"நிறம்?"

"உரிச்சாத்தான் டீச்சர் தெரியும்."

"அப்ப உரிச்சுப் பாருங்க."

"உரிச்சா அது விதை இல்லீங்களே டீச்சர். அரிசி."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது; போய் அணைத்துவிட்டு வந்தார். பிறகு டீச்சர், "பீனால்ல ஊற வச்சா சில ரகத்துக்கு உமி கறுக்கும், சிலதுக்குக் கறுக்காதுன்னு படிச்சிருக்கேன்" என்றார்.

"ஊற வச்ச நெல்லு முளைக்குங்களா?"

"அது வேதி மாற்றம், மருதையன்" என்றார் டீச்சர், பரிவோடு. அலமாரியில் இருந்த கருப்புக் கட்டி இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

சட்டம் அப்படியொன்றும் ஈவிரக்கம் இல்லாதது இல்லை. சான்று விதையில் கிலோவுக்கு இருபது மணி வரை வேற்று ரகம் இருந்தால் பொறுத்துக்கொள்ளும். ஒரு கிலோவில் நாற்பதாயிரம் மணிக்குக் குறையாது, அதில் இருபது. மருதையன் ஒரு கிலோ நெல்லை அளந்து காளியம்மாளிடம் கொடுத்தார். அவள் உரலில் பக்குவமாகக் குத்தி, உமியை நீக்கிக் கொடுத்தாள். வட்டத் தட்டில் பரப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினார். இருபத்து மூன்று சிவப்பு.

நம்பிக்கையில்லாமல் இன்னொரு கிலோ. பதினேழு.

இருபதுக்குக் கீழே! உறுதி செய்துகொள்ள இன்னொரு கிலோ. இருபத்தொன்று.

"இப்படியே குத்திக்கிட்டே போனா மொத்தத்தையும் சுத்தமாப் பிரிச்சிரலாங்க" என்றாள் காளியம்மாள், உலக்கையைச் சாத்திவிட்டு. "விதைக்கத்தான் ஒண்ணும் இருக்காது."

அன்று இரவுச் சாப்பாட்டில் வெள்ளைச் சோற்றுக்கு நடுவே அங்கங்கே சிவப்புப் பருக்கை. மருதையன் அதை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். வெந்த பிறகு பிரிப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது!

ஒரு வழி இருந்தது. எல்லாவற்றையும் சாதா நெல்லாகக் கொள்முதலுக்குப் போட்டுவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வந்திருக்கலாம். அரிசியாகிச் சாப்பிடுகிறவர்கள் இருபது சிவப்பைப் பற்றிக் கவலைப்படப் போவதில்லை. மருதையன் அதை யோசிக்காமல் இல்லை. யோசிக்கும்போதெல்லாம் நீல அட்டை குறுக்கே வந்து நின்றது.

சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய இயந்திரம் நெல்லை வாங்கிக் குலுக்கி, தூசி, பதர், குருணை, களை விதை எல்லாவற்றையும் வெளியே தள்ளியது. சிவப்பை மரியாதையோடு உள்ளே அனுப்பியது. மாதிரி எடுக்க வானதி வந்தார். மருதையன் அவரைத் தனியே அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னார்: மிஷின், மழை, இரண்டு மூட்டை, முட்டை.

வானதி பொறுமையாகக் கேட்டார். "அய்யா, நீங்க சொல்றதை வச்சு நான் வேண்டாம்னு எழுத முடியாது. நீங்க சொல்றதை வச்சு சரின்னும் எழுத முடியாது. மாதிரிதான் பேசணும்."

"மாதிரிக்குத் தெரியாதது எனக்குத் தெரியுங்களே மேடம்."

"நீங்களா வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்கன்னா இப்பவே நிறுத்திரலாம்." பேனாவை நீட்டினார். "எழுதுறீங்களா?"

மருதையன் பேனாவைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். "மாதிரியே பேசட்டுங்க" என்றார்.

உண்மையைச் சொல்லியும் ஆகிவிட்டது. சொன்னதற்காக எதையும் இழக்கவும் இல்லை. அப்படியொரு ஏற்பாட்டில் மனிதனுக்குக் கிடைக்கும் நிம்மதி சரியாக வீட்டு வாசல் வரை வரும். வானதி, பாவம், அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மூட்டை விடாமல் எல்லாவற்றிலும் குத்தூசியைச் செருகி மாதிரி எடுத்தார். விதை தேற வேண்டும் என்று ஒரு நாளும், தேறக் கூடாது என்று ஒரு நாளுமாக மருதையன் ஒரு மாதத்தைக் கடத்தினார்.

முடிவு வந்தது. பிற ரகம்: கிலோவுக்குப் பத்தொன்பது. தேர்ச்சி.

நீல அட்டைகள் வந்தன. 'மா. மருதையன்.' எழுத்துப் பிழை இல்லை. கட்டை விரலால் தடவிப் பார்த்தார். காளியம்மாள் ஒன்றை வாங்கிச் சாமி படத்தின் சட்டத்தில் செருகினாள். "பேரு நல்லா எடுப்பா விழுந்திருக்கு" என்றாள். மருதையன் அந்தப் படத்தின் பக்கம் திரும்பிக் கும்பிடுவதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட்டார்.

ஆவணியில் விதை விற்பனைக்கு வந்தது. முதல் ஆளாக வந்து வாங்கியவர் துரைராசு. நான்கு ஏக்கருக்கு. மூட்டை வாயில் தொங்கிய அட்டையை இரண்டு விரலால் பிடித்து, தள்ளி வைத்து, கண்ணைச் சுருக்கிப் படித்தார். எத்தனையோ ராத்திரி மருதையன் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி. சரியாக அப்படியே நடந்தது.

"அடடே, உங்க பேரு!"

"அதுல கொஞ்சம் சிவப்பு கலந்திருக்குங்க" என்றார் மருதையன்.

துரைராசு சிரித்தார். "பாத்தீங்களா, இந்தத் தன்னடக்கம்தான் லேப்பு சார்ட்ட எனக்குப் புடிச்சது."

"இல்லீங்க, நிசமாவே..."

"சர்க்காரே சரின்னு அட்டை குடுத்திருக்கு. நீங்க என்ன சர்க்காருக்கு மேலயா?" மூட்டை வண்டியில் ஏறியது. மீதி மூட்டைகள் குத்தாலம், சீர்காழி என்று திசைக்கொன்றாகப் போயின. யார் யார் வாங்கினார்கள் என்று மருதையனுக்குத் தெரியாது. அவர்களுக்கு மட்டும் அவர் யாரென்று தெரியும். அட்டையில் இருக்கிறதே.

கார்த்திகையில் கதிர் வெளிவந்து மணி பிடித்தது.

மருதையனின் தத்துவம் அப்போதுதான் ஜெயித்தது. அவர் சொன்னபடியே ஒரு குணம் வேறாக இருந்தது. அது நெல்லில் இல்லை, பயிரில் இருந்தது. உயரம். துரைராசுவின் நான்கு ஏக்கரிலும் பச்சை ஒரே மட்டமாக நிற்க, அங்கங்கே ஒரு முழம் மேலே தலையை நீட்டிக்கொண்டு சிவப்பு நின்றது. சாலையில் சைக்கிளில் போகிற ஆளுக்கும் தெரிகிற உயரம். ஏக்கருக்கு ஐந்நூறு, அறுநூறு இருக்கும். ஒவ்வொன்றின் கழுத்திலும் நீல அட்டை தொங்குவது போல மருதையனுக்குத் தெரிந்தது.

யாரும் புகார் சொல்லவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. மறுநாள் காலை மருதையன் செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு துரைராசுவின் வயலில் இறங்கினார்.

செய்தி கேட்டுத் துரைராசு பதறிப்போய் ஓடிவந்தார். "என்ன லேப்பு சார் இது? மேல வாங்க. கணக்குப்படி சரியாத்தானே இருக்கு. நாலு செடி உசரமா நின்னா என்ன கெட்டுப்போச்சு?"

"என் பேரு போட்டிருக்குங்களே" என்றார் மருதையன், நிமிராமல்.

பிடுங்குவதும் நினைத்த மாதிரி இல்லை. ஒரு குத்தில் மூன்று நாற்று வைத்து நட்டிருந்தார்கள். சிவப்பு ஒன்று, வெள்ளை இரண்டு. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. இழுத்தால் மூன்றும் வந்தன. சேற்றுக்குள் விரலை விட்டு, ஒன்றை மட்டும் தடவிப் பிரித்து, மெதுவாக உருவ வேண்டும். ஒரு குத்துக்கு ஒரு நிமிஷம். இடுப்பு அறுபத்தோரு வயதை நினைவூட்டியது.

துரைராசு இரண்டு முறை "வேண்டாம்" என்றார். மூன்றாவது முறை சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் டீ கொண்டுவந்து, வரப்பில் வைத்தார், பேப்பர் கப்பில். தனக்கும் ஒரு பேப்பர் கப். பேப்பர் கப் வந்த பிறகு அந்த ஊரில் பல கேள்விகள் கேட்கப்படாமலே தீர்ந்துபோயின.

டீயைக் குடித்துவிட்டு மருதையன் மறுபடி இறங்கினார். பத்து மணிக்குள் கை நிறைய, பிறகு கக்கம் நிறைய. பிடுங்கியதை வரப்பில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், வந்த வழியிலேயே இரண்டு நின்றன. இன்றைக்குள் ஓர் ஏக்கர்கூட முடியாது. ஒரு வாரத்தில் மணி முற்றி உதிர ஆரம்பித்துவிடும். அதன் பிறகு பிடுங்கியும் பயனில்லை. சீர்காழிப் பக்கம் எந்தெந்த வயலில் இதே நேரத்தில் எது எது தலையை நீட்டிக்கொண்டிருக்கிறதோ.

சாலையில் போன பரணிதரன் வண்டியை நிறுத்தி, வரப்பில் கிடந்த கதிர் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தான். "நம்ம சிவப்பு மாதிரியே இருக்கே! எங்கேருந்து வந்துச்சு சார்? பிடுங்காதீங்க, சர்க்கரைக்கு அவ்வளவு நல்லது" என்றான். பதிலுக்குக் காத்திருக்காமல் போட்டோ எடுத்துக்கொண்டு போனான்.

வெயில் ஏறியது. துரைராசு வரப்பில் குடையை விரித்து உட்கார்ந்தார். சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். நல்ல மனிதர். ஏதாவது உதவ வேண்டும் என்றுதான் கையை நீட்டினார்.

"லேப்பு சார், அந்தா, வடக்கு மூலையில ஒண்ணு விட்டுட்டீங்க பாருங்க."

மருதையன் நிமிர்ந்து பார்த்தார். நின்றது. சேற்றிலிருந்து ஒரு காலை உருவி, மறுகாலை உருவி, வடக்கு மூலையை நோக்கி நடந்தார்.

"அதுக்குப் பக்கத்துலயும் ஒண்ணுங்க" என்றார் துரைராசு.